முத்துலட்சுமி அம்மையாரைச் சட்டமன்ற உறுப்பினராகவும் நினையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூலை 30 அன்று மருத்துவமனை தினத்தையொட்டி உங்கள் நாளிதழில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரைப் பற்றி அரைப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. எங்கள் ஊர்க்காரர் என்பதால் இரண்டு முறை படித்தேன், கத்தரித்தும் வைத்திருக்கிறேன். ஆனால் படித்து முடித்தபோது மனது நிறையவில்லை. நாலு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்துவிட்டு இன்று எழுத உட்கார்ந்திருக்கிறேன். கடிதம் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராக 33 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஊரில் என் பெயர் யாருக்கும் தெரியாது, நர்சம்மா என்றால்தான் தெரியும். துணை சுகாதார நிலையத்தில் ஒரு மேஜை, ஒரு எடை மெஷின், தடுப்பூசி கொண்டுபோகும் பெட்டி, அப்புறம் கட்டுக்கட்டாகப் பதிவேடுகள். அந்தப் பதிவேடுகளிலும் விண்ணப்பங்களிலும் நான் அதிகம் எழுதிய பெயர் என் பெயரோ என் பிள்ளைகளின் பெயரோ கிடையாது. 'டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம்' என்பதைத்தான் அதிகம் எழுதினேன். 2006-இல் அந்த உதவித்தொகையை 6,000 ரூபாயாக உயர்த்தினார்கள். 2011-இல் 12,000. 2018-இல் 18,000. தொகை ஏற ஏற விண்ணப்பமும் ஏறியது, நானும் எழுதிக்கொண்டே இருந்தேன்.

2007-இல் என்று நினைவு. ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி என் எதிரே பெஞ்சில் உட்கார்ந்து, நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தாவது படித்த பெண், எழுத்துக் கூட்டாமல் வாசிப்பாள். "நர்சம்மா, யாரு இந்த முத்துலட்சுமி?" என்றாள். "பெரிய டாக்டரம்மா. நம்ம புதுக்கோட்டைதான்" என்றேன். "அவங்க சொந்தக் காசாம்மா இது?" "இல்லத்தா, சர்க்கார் காசு." "அப்புறம் ஏன் அவங்க பேரைப் போட்டிருக்காங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. 'பெரிய டாக்டர், அதனால் பேர் வைத்திருக்கிறார்கள்' என்று ஏதோ சொல்லி அனுப்பினேன். இருபது வருடம் அந்தப் பெயரை எழுதிவிட்டு, அது ஏன் அங்கே இருக்கிறது என்று தெரியாமல் இருந்தது வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் விடுமுறை நாட்களில் புதுக்கோட்டை நூலகத்துக்குப் போய்ப் படிக்க ஆரம்பித்தேன்.

உங்கள் கட்டுரையும் கிட்டத்தட்ட நான் அன்று சொன்ன அரைகுறைப் பதிலைத்தான் சொல்கிறது. பெரிய டாக்டர், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, அவ்வை இல்லம், பத்மபூஷண். எல்லாம் உண்மை. ஆனால் அவர் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்ததற்கு ஒன்றரை வரிதான் கொடுத்திருக்கிறீர்கள்.

முதலில் ஒரு திருத்தம். அவர் 'இந்தியாவின் முதல் பெண் மருத்துவர்' என்று தலைப்புக்குக் கீழே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். அது சரியில்லை. மராட்டியத்தைச் சேர்ந்த ஆனந்திபாய் ஜோஷி அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் வாங்கிய ஆண்டு 1886. முத்துலட்சுமி அம்மையார் பிறந்ததே அந்த ஆண்டு ஜூலை 30-ஆம் தேதிதான். சென்னை மருத்துவக் கல்லூரியை எடுத்துக்கொண்டாலும், 1875-லேயே மேரி ஷார்லிப் உள்ளிட்ட நான்கு பெண்கள் அங்கே சேர்ந்துவிட்டார்கள். இதைச் சொல்வதால் அம்மையாரின் மதிப்பு குறையாது. புதுக்கோட்டையில் ஆண்கள் மட்டும் படித்த மன்னர் கல்லூரியில் எதிர்ப்புக்கு நடுவே சேர்ந்து படித்தவர் அவர். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போய் 1912-இல் பட்டத்தோடு வெளியே வந்தார். அதுவே போதும், இல்லாத பட்டத்தை நாம் சூட்ட வேண்டியதில்லை.

அவர் உண்மையிலேயே முதலாவதாக நின்ற இடம் சட்டமன்றம். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்றத்துக்குள் போன முதல் பெண் அவர். பிரிட்டிஷ் இந்தியா என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ் அதற்கு முன்பே அந்த ஊர் மன்றத்தில் உறுப்பினராக இருந்தார். அவரும் பிரசவம் பார்த்த டாக்டர்தான். இரண்டு இடத்திலும் முதலில் உள்ளே போனவர் பிரசவம் பார்க்கிற பெண்ணாக இருந்ததை நான் என் வேலையோடு சேர்த்து அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

அவர் எப்படி அந்த நாற்காலிக்குப் போனார் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு 1921-இலேயே ஓட்டு கிடைத்துவிட்டது. சொத்து வரி, நிலவரி என்று கட்டுகிறவர்களுக்குத்தான் ஓட்டு என்பதால் வெகு சில பெண்களே போட முடிந்தது. தேர்தலில் நிற்கும் உரிமை 1926-இல்தான் வந்தது. அந்த ஆண்டு மங்களூர்ப் பக்கத்திலிருந்து கமலாதேவி சட்டோபாத்யாய நின்று, கொஞ்ச ஓட்டில் தோற்றுப்போனார். அப்புறம் அடையாறில் இருந்த இந்திய மாதர் சங்கம், ஒரு பெண்ணையாவது நியமன உறுப்பினராகப் போடுங்கள் என்று அரசாங்கத்தைக் கேட்டது. அப்படித்தான் முத்துலட்சுமி அம்மையார் உள்ளே போனார். அவருக்குத் தொகுதி கிடையாது, கட்சியும் கிடையாது. டாக்டர் சுப்பராயன் முதல் மந்திரி. ஜார்ஜ் கோட்டையில் நூறு ஆண்களுக்கும் மேல் உட்கார்ந்திருந்த அந்த அவையில் ஒரே பெண். 1927 ஜனவரியில் அந்த ஆண்களெல்லாம் சேர்ந்து அவரை ஏகமனதாக அவையின் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் புதுக்கோட்டை அப்போது தொண்டைமான் சமஸ்தானம், சென்னை மாகாணத்தில் சேராது. ஆக அவர் சென்னையில் கொண்டுவந்த சட்டம் எதுவும் அவர் பிறந்த ஊரைத் தொடாது. தன் ஊருக்கு, தன் சனத்துக்கு என்று எதுவும் கேட்க முடியாத இடத்தில் உட்கார்ந்துதான் அவர் அவ்வளவும் கேட்டார்.

நியமன உறுப்பினர் என்றால் பேசாமல் இருந்துவிட்டுப் போகலாம். ஐந்து வருடம் கழித்து ஓட்டுக் கேட்டு யார் வாசலிலும் நிற்கத் தேவையில்லை. நன்றாக ஓடுகிற மருத்துவத் தொழில் வேறு கையில் இருந்தது. அவர் பேசாமல் இருக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்றார். குழந்தைகளுக்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். ஏழைப் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணத்தில் சலுகை கேட்டார். இதெல்லாம் இன்று நமக்குச் சாதாரணமாகத் தெரியும். நான் வேலையில் இருந்தபோது பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளின் கண், பல், எடை பார்த்து அட்டையில் எழுதுவோம். தலைமையாசிரியர் சில சமயம் அலுத்துக்கொள்வார், பாடம் கெடுகிறது என்று. இந்த வேலை அரசாங்கத்தின் கடமை என்று ஒரு அவையில் எழுந்து நின்று ஒருவர் வாதாட வேண்டியிருந்த காலம் இருந்தது என்பது அப்போது எனக்கே தெரியாது.

என்னை அதிகம் தொட்டது 1928-இல் அவர் கொண்டுவந்த திருமண வயதுத் தீர்மானம். பெண்ணுக்கு 16, ஆணுக்கு 21 என்று கேட்டார். மறு ஆண்டு டெல்லியில் நிறைவேறிய சாரதா சட்டம் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று நிறுத்திக்கொண்டது. ஆணுக்கு 21 என்று அவர் சென்னையில் கேட்டது நாட்டின் சட்டமானது 1978-இல், சரியாக ஐம்பது ஆண்டு கழித்து.

பிள்ளை வயதிலேயே தாயாகிறவர்கள் என்ன ஆகிறார்கள் என்பதைப் பிரசவ அறையில் கண்ணால் பார்த்தவர் அவர். அதைத்தான் அவையில் சொன்னார். நானும் பார்த்திருக்கிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு ராத்திரி. வீட்டுக்காரர்கள் இருபது வயது என்று எழுதச் சொன்ன பெண். முகத்தைப் பார்த்தால் பதினாறுக்கு மேல் சொல்ல முடியாது. கால் இரண்டும் வீங்கியிருக்கிறது, பிரஷர் 160-க்கு மேல் நிற்கிறது, கண் இருட்டுகிறது என்கிறாள். 108 வண்டி இல்லாத காலம். பக்கத்து ஊரிலிருந்து பால் வண்டியைப் பிடித்து, கேன்களை இறக்கி வைத்துவிட்டு, அவளைப் படுக்க வைத்துக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போனோம். வழியிலேயே ஜன்னி கண்டுவிட்டது. என் முந்தானையைச் சுருட்டி அவள் பல்லுக்கு நடுவே வைத்தேன். அப்படிச் செய்யக் கூடாது என்று இப்போது சொல்வார்கள், அன்று எனக்குத் தெரிந்தது அதுதான். அவள் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. திரும்பி வந்து பதிவேட்டில் வயது என்ற இடத்தில் 20 என்று எழுதினேன். அவர்கள் சொன்னதைத்தான் எழுத முடியும். அந்த 20 இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

மறுநாள் நான் என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். வேறு என்ன செய்ய முடியும்? ஆனால் முத்துலட்சுமி அம்மையார் கையில் ஒரு நாற்காலி கிடைத்தபோது, தான் பிரசவ அறையில் பார்த்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு அங்கே போய்விட்டார். டாக்டராக இருந்து வந்தவர்களைக் காப்பாற்றினார். வராதவர்களையும், வர முடியாதவர்களையும் நினைத்து அவையில் பேசினார். உங்கள் கட்டுரையில் இதைத்தான் நான் தேடினேன்.

அடுத்து தேவதாசி முறை ஒழிப்பு. அவருடைய தாய் சந்திரம்மாள் அந்த மரபில் பிறந்தவர். தந்தை நாராயணசாமி ஐயர் கல்லூரி முதல்வர். ஊர் என்ன பேசியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர் அதை மறைத்து வைத்துக்கொண்டு டாக்டர் அம்மாவாகவே வாழ்ந்து முடித்திருக்கலாம். அவர் அதை அவையில் எடுத்து வைத்தார்.

எப்படி எடுத்து வைத்தார் என்பதைப் பாருங்கள். 1927 நவம்பரில் முதலில் ஒரு தீர்மானம். தீர்மானம் என்பது அரசுக்குப் பரிந்துரைதான், அது சட்டம் ஆகாது. அடுத்து இந்து அறநிலையச் சட்டத்துக்கு ஒரு திருத்தம், அது 1929-இல் நிறைவேறியது. இந்தத் திருத்தம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. கோயில் சேவைக்காக அந்தப் பெண்களுக்கு இனாம் நிலம் விட்டிருந்தார்கள். பொட்டுக் கட்டி, அதாவது கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட்டு, சேவை செய்தால்தான் நிலம், சேவையை விட்டால் நிலம் போய்விடும். வயிற்றுப்பாட்டுக்கு வேறு வழி இல்லாதவள் தன் மகளுக்கும் பொட்டுக் கட்டித்தான் ஆக வேண்டும். அந்த முடிச்சை அவிழ்த்தது அந்தத் திருத்தம். சேவை செய்ய வேண்டாம், நிலம் உன்னுடையதாகவே இருக்கும் என்றது. பழக்கத்தைத் தடை செய்வதற்கு முன்னால், அதை விட்டு வருகிறவளுக்குக் காலடியில் நிலம் இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார். வயல் வேலைக்குப் போகிற பெண்களிடம் முப்பது வருடம் 'இதைச் செய், அதைச் செய்யாதே' என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நான். சாப்பிட வழி சொல்லாமல் செய்யாதே என்று மட்டும் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இரும்புச்சத்து மாத்திரையைக் கொடுத்து ஓய்வெடு என்பேன். "ஓய்வெடுத்தா கூலி யாரு நர்சம்மா குடுப்பா?" என்பார்கள். மகப்பேறு உதவித்தொகை வந்த பிறகுதான் அந்தப் பேச்சுக்கு என்னிடம் பாதிப் பதிலாவது இருந்தது.

அதற்கு அப்புறம்தான் 1930-இல் பொட்டுக் கட்டுவதையே தடை செய்யும் மசோதாவை அவர் கொண்டுவந்தார். எதிர்ப்பு பலமாக இருந்தது. சத்தியமூர்த்தி போன்ற பெரிய பேச்சாளர்களே எதிர்ப்பக்கம் நின்றார்கள். சத்தியமூர்த்திக்கு அம்மையார் கொடுத்ததாக ஒரு சூடான பதில் மேடைகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது, உங்கள் கட்டுரையிலும் அதைப் பெட்டி கட்டிப் போட்டிருக்கிறீர்கள். நான் அதை இங்கே எழுதப் போவதில்லை. அவர் செய்த காரியம் ஒரு வரிப் பதிலால் நடந்ததாகச் சொன்னால், தீர்மானம், திருத்தம், மசோதா என்று அவர் பட்ட பாடு கண்ணில் படாமல் போகிறது.

தேவதாசிப் பெண்களிலேயே ஒரு பகுதியினர் இந்த முயற்சியை எதிர்த்தார்கள் என்பதையும் மறைக்க வேண்டாம். நாங்கள் கலைஞர்கள், சொத்து வைத்திருப்பவர்கள், எங்களை எல்லாம் ஒரே கண்ணால் பார்க்காதீர்கள் என்று மனுக் கொடுத்தார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற இசை மேதைகள் அந்தப் பக்கம் இருந்தார்கள். அவர்களுடைய வலியிலும் நியாயம் இருந்தது. இன்னொரு பக்கம், அதே மரபில் வளர்ந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய் முத்துலட்சுமி அம்மையாருக்கு ஆதரவு திரட்டினார். காந்தியடிகளும் பெரியாரும் ஒரே பக்கம் நின்ற விஷயங்கள் அந்தக் காலத்தில் அதிகம் இல்லை. இது அதில் ஒன்று.

இங்கே நான் பல நாள் தடுமாறிய இடம் ஒன்று இருக்கிறது. 1930 மே மாதம், உப்புச் சத்தியாகிரகத்தில் காந்தியடிகளைக் கைது செய்தார்கள். அதைக் கண்டித்து முத்துலட்சுமி அம்மையார் உறுப்பினர் பதவியை ராஜினாமா செய்துவிட்டார். மசோதா பொதுமக்கள் கருத்துக்குச் சுற்றில் இருக்கிறது, வேலை பாதியில் நிற்கிறது. அந்தச் சட்டம் கடைசியில் நிறைவேறியது 1947-இல், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்தபோது. பதினேழு வருடம். அந்தப் பதினேழு வருடத்தில் எத்தனை சிறுமிகளுக்குப் பொட்டுக் கட்டியிருப்பார்கள்?

இதை முதலில் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. உள்ளே இருந்திருக்கலாமே, இன்னும் ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருந்தால் மசோதா தேறியிருக்காதா என்று நினைத்தேன். பிறகு ஒரு நாள் வேறு மாதிரித் தோன்றியது. அந்த நாற்காலியை அவருக்குக் கொடுத்தது அரசாங்கம். தன் மனசாட்சிக்கு ஒவ்வாததை அந்த அரசாங்கம் செய்தபோது, அது கொடுத்ததை அவர் திருப்பிக் கொடுத்தார். எழுந்து போனதோடு வேலையை விடவுமில்லை. விடுதிகளில் இடம் கிடைக்காமல் தன் வாசலுக்கு வந்து நின்ற தேவதாசிக் குடும்பத்துப் பிள்ளைகளைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அவ்வை இல்லம் அப்படித்தான் தொடங்கியது, அதுவும் அதே 1930-இல். சட்டமன்றத்தில் பெற்ற அனுபவங்களை அந்த ஆண்டே புத்தகமாகவும் எழுதி வைத்தார். இருந்தாலும் அந்தப் பதினேழு வருடத்தை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அவராலும் முடிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

ஆக, 1927 தொடக்கத்திலிருந்து 1930 மே வரை மூன்று ஆண்டுகளும் சில மாதங்களும்தான் அவருடைய சட்டமன்ற வாழ்க்கை. அதற்குப் பின்னால் வந்த புற்றுநோய் மருத்துவமனை எல்லோருக்கும் தெரியும். 1923-இல் தங்கை புற்றுநோயில் இறந்த துயரத்தை மனதில் வைத்திருந்து, 1952-இல் நேரு கையால் அடிக்கல் நாட்ட வைத்து, 1954-இல் 12 படுக்கைகளோடு திறந்தார். நீங்களே விரிவாக எழுதியிருப்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

இப்போது இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று கேட்பீர்கள். உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் வந்துவிட்டது. என் ஊர்களில் எத்தனையோ பெண் வார்டு உறுப்பினர்களோடும் தலைவர்களோடும் வேலை செய்திருக்கிறேன். சிலர் கொசு மருந்து அடிக்கவில்லை என்று என்னையே வந்து சண்டை பிடித்தவர்கள், அவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். சிலர் வீட்டுக்கு போன் செய்தால் கணவர்தான் எடுப்பார், கூட்டத்துக்கும் அவரேதான் வருவார், பதிவேட்டில் கையெழுத்து மட்டும் வீட்டுக்குப் போய் வாங்கி வர வேண்டும். ஒரு தலைவி அம்மாவிடம் துணை சுகாதார நிலையத்துக்குத் தண்ணீர்க் குழாய் கேட்டேன். "எனக்கு என்னம்மா தெரியும், என்னை நிக்கச் சொன்னாக, நின்னேன்" என்றார். குரலில் அவ்வளவு கூச்சம். அந்த அம்மாவுக்கு முத்துலட்சுமி அம்மையார் டாக்டர் என்று நான் சொல்லி என்ன ஆகப்போகிறது? டாக்டராக அவரால் ஆக முடியாது. ஆனால் முத்துலட்சுமி அம்மையாரையும் ஒருத்தர் நியமித்துத்தான் உட்கார வைத்தார்கள், அவரும் தயங்கித்தான் போனார், போன பிறகு கேள்வி கேட்டார், தீர்மானம் கொண்டுவந்தார் என்று சொன்னால் அந்தத் தலைவி அம்மாவுக்கு ஒரு பிடிமானம் கிடைக்கும். இதை அன்று அவரிடம் சொல்ல எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

சட்டமன்றத்தை எடுத்துக்கொண்டாலும், 2021 தேர்தலில் 234 இடங்களில் 12 பெண்கள்தான் ஜெயித்தார்கள். மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கீட்டுக்கு 2023-இல் அரசியல் சாசனத் திருத்தம் வந்துவிட்டது. தொகுதி மறுவரையறை முடிந்த பிறகுதான் நடைமுறைக்கு வரும் என்றார்கள். அது வரும்போது, உள்ளே போய் உட்காரப் போகும் பெண்களுக்குப் படிக்க ஏதாவது இருக்க வேண்டும்.

அதனால் உங்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள். வருகிற ஜூலை 30-க்கு அவருடைய சட்டமன்ற நாட்களைப் பற்றி மட்டும் ஒரு முழுப் பக்கம் போடுங்கள். அவர் அவையில் கேட்ட கேள்விகள், கொண்டுவந்த தீர்மானங்கள், பேசிய பேச்சுகள் அவைக் குறிப்புகளிலும் அவர் எழுதிய புத்தகத்திலும் இருக்கின்றன. அவற்றிலிருந்து பகுதிகளைத் தேர்ந்தெடுத்து, பத்தாவது படித்த பெண்ணுக்குப் புரிகிற தமிழில் தாருங்கள். பெட்டிச் செய்தியாகச் சுருக்க வேண்டாம். இரண்டாவது, அவர் பெயருக்கு முன்னால் மருத்துவர் என்று போடும்போது, சட்டமன்ற உறுப்பினர் என்றும் சேர்த்துப் போடுங்கள்.

2007-இல் என்னைக் கேள்வி கேட்ட அந்தப் பெண்ணைப் போன மாதம் சந்தைப்பேட்டையில் பார்த்தேன். அன்று வயிற்றில் இருந்த பிள்ளை இப்போது கல்லூரி முதல் வருடம் படிக்கிறாளாம். அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் மாதம் 1,000 ரூபாய் வருகிறதாம், புதுமைப் பெண் திட்டத்தில். அது மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருக்கிற திட்டம். தாயான இவளுடைய கல்யாணத்துக்கும் அதே இராமாமிர்தம் அம்மையார் பெயரில்தான் அப்போது உதவி வந்தது, பிரசவத்துக்கு முத்துலட்சுமி அம்மையார் பெயரில் வந்தது. அவையிலே ஒருவரும் ஊர் ஊராக ஒருவருமாக ஒரே காரியத்துக்கு நின்ற இரண்டு பேரின் பெயரும் ஒரே குடும்பத்தின் பாஸ்புக்கில் இருக்கிறது, அந்தக் குடும்பத்துக்கு இன்னும் அது தெரியாது. அன்று சொல்லாத பதிலை அவளிடம் சந்தையில் நின்றபடியே சொன்னேன். பாதியில் பஸ் வந்துவிட்டது. "மீதியை பேப்பர்ல எழுதுங்க நர்சம்மா, எம் பொண்ணு படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனாள். அதுதான் இந்தக் கடிதம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
புதுக்கோட்டை மாவட்டம்.